கடைசியாக வந்தவருக்கு முதல் இடம்

இவாலோ
மே 7

அன்பு மகள் ஹெய்னிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளை கேலமும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், இங்கே நானும் அப்பாவும் ஏரியில் பனி உடையக் காத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அப்பாவின் வலது முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. பூனை மொர்ரிக்கு வசந்தம் பிறந்துவிட்டது, சில நாளாக வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்னங்கள் வந்துவிட்டன, ஆறு ஏரியில் கலக்கிற இடத்தில் பனி விலகிக் கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது, அதில் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே பூமியின் தென்கோடியில் உனக்குக் குளிர் ஆரம்பிக்கிற சமயம். நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போடுகிறாயா அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா தெரியவில்லை. போன ஞாயிறு போனில் நீ "என்னம்மா, முடிவாச்சா இல்லையா" என்று கேட்டாய், நான் "பொறு, எழுதுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் வந்திருக்கும். அப்பா பக்கத்திலேயே காபிப் பாத்திரத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று காதை நீட்டிக்கொண்டு நின்றார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், உட்கார்ந்து படி.

ஈஸ்டருக்கு நீ எழுதியதை அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டினேன். தௌனோ சித்தப்பா இல்லாமல் ஜூலையில் உனக்கு இங்கே கல்யாணம் இல்லை, அப்பா இல்லாமலும் இல்லை, இரண்டு பேரில் ஒருவரைப் பொறுக்கிக்கொள் என்றால் ஹோபார்ட்டிலேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடற்கரையில் வறுத்த மீன் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். வந்தாலும் நான் எங்கே படுப்பேன், என் அறையில்தான் தூண்டில்கள் குடியிருக்கின்றனவே என்று கடைசியில் ஒரு வரி. அதை நீ விளையாட்டாகத்தான் எழுதினாய், எனக்குத் தெரியாதா. ஆனால் எட்டு வருஷமாக உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பெண் விளையாட்டாக எழுதினாலும் அம்மாவுக்கு வலிக்கிறது. அப்பாவின் குறட்டை தாங்காமல் நான்தான் அவரை உன் அறைக்குத் துரத்தினேன், அவர் போனார், அவர் பின்னாலேயே தூண்டில்களும் வலைகளும் ரேடியோவும் போயின. நான் படித்து முடித்ததும் அவர் எழுந்து விறகு வெட்டப் போய்விட்டார். கல்யாணப் பேச்சை எடுத்த ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். மூன்று குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு இப்போது நம் கொட்டகையில் இருக்கிறது. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "அவன் வந்தா நான் இல்ல, எழுதிடு" என்றார், நான் எழுதவில்லை.

கேலமுக்கு இந்தச் சண்டையைப் புரியவைக்க முடியவில்லை என்றாயே, அவனுக்கு இப்படிச் சொல். ஏரிக்கரையில் உன் தாத்தா கட்டிய புகைச் சவுனா இருந்தது, அடுப்புக் கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கிற மர அறை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நடுக்கோடைத் திருநாள் அன்று சித்தப்பாதான் அதில் தீ மூட்டினார், மூட்டியது போதாதென்று இன்னும் இரண்டு கூடை விறகை உள்ளே தள்ளினார், விருந்தாளிகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்க வந்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது. அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம், "அப்பா கட்டினத நீ கொளுத்திட்ட." சித்தப்பா பதிலுக்குச் சொன்னதும் ஒன்றுதான், "அடுப்புக் கல்ல மாத்து, மாத்துன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், நீ கேட்டியா?" அவ்வளவுதான் சண்டை. வேறு ஊராக இருந்தால் இரண்டு பேரும் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டு மறுநாள் தோளில் கை போட்டிருப்பார்கள். நம் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் குளிர்காலம் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கும் சிர்க்கா சித்திக்கும் தெரியவே இல்லை, ஏனென்றால் அதற்கு முன்னாலும் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. மறு வசந்தத்தில் வலை போடப் போகும்போது தனித்தனிப் படகில் போனார்கள், அப்போதுதான் புரிந்தது. ஒரே ஏரி, அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் இவர், ராத்திரி விளக்கு எரிவது ஒருவருக்கொருவர் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர்கள் ஒரே வீட்டில் இரண்டு பேர் பிறந்தால் இப்படித்தான்.

ஏப்ரலில் ஒருநாள் கடையில் சிர்க்காவைப் பார்த்தேன். நீ அவளுக்கும் எழுதியிருக்கிறாய், அவள் கண் கலங்கிப்போய் நின்றாள். "அக்கா, இந்த ரெண்டு கல்லுளிமங்கன்களையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டணும், வேற வழி இல்ல" என்றாள். பூட்டுகிற அறை எங்கே இருக்கிறது, இரண்டு பேருக்கும் வெளியே போக விறகுக் கொட்டகை இருக்கிறதே என்றேன். சொல்லும்போதே இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்தது, மலையில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிற ரௌத்துகுருக் குடில். சாலையிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பனியில் சறுக்கிப் போக வேண்டும், ஒரே அறை, ஒரே அடுப்பு, போய்ச் சேர்ந்த அன்றைக்கே திரும்பியும் வர முடியாது. அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போவது, சித்தப்பாவை அதற்கு அப்பால் இருக்கிற குளத்தில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கலாம் என்று ஆசை காட்டி சிர்க்கா கிளப்பிவிடுவது, கிளம்புகிற அன்று காலையில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்வது, சித்தப்பா தனியாக வருவது என்று பேசி முடித்தோம். குடிலில் ஒரு சட்டம் உண்டே, உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தது, கடைசியாக வருகிறவருக்குத்தான் முதல் இடம், முன்னால் வந்து குளிர் காய்ந்தவர் எழுந்து வழிவிட வேண்டும் என்று. அந்தச் சட்டம் அப்பாவுக்கு வேதம். சித்தப்பா கடைசியாக வந்தால் அப்பா "வா, இங்க படு" என்று சொல்லியே ஆகவேண்டும், அந்த மூன்று வார்த்தை போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிர்க்காவிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் கிளம்பினோம். காலையில் பனி மேலே கல்லாக இறுகியிருந்தது, நாய் வண்டி ஓட்டலாம் போல இருந்தது. அப்பா முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு சாமான் ஏற்றிய இழுவைச் சறுக்கையும் தானே இடுப்பில் மாட்டிக்கொண்டார், நான் இழுக்கிறேன் என்றால் கேட்டால்தானே. வெயில் ஏறினதும் தொப்பியைக் கழற்றி, வழியில் பனிமான் கூட்டத்தைப் பார்த்து யார் வீட்டு மான்கள் என்று காதுக் குறியைப் படித்து, வெகுநாளைக்குப் பிறகு நிறையப் பேசினார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது, இந்த நல்ல மனுஷனையா ஏமாற்றுகிறோம் என்று. குடில் நீ கடைசியாகப் பார்த்தபோது இருந்தபடியே இருக்கிறது, இரண்டு பக்கமுமாக ஆறு பேர் படுக்கிற பலகை மேடை, ஜன்னலடியில் மேஜை, கரி பிடித்த கெட்டில். முன்னால் தங்கியவர் யாரோ புண்ணியவான், உலர்ந்த சிராய்களை அடுப்பருகில் அழகாகச் சீவி வைத்துவிட்டுப் போயிருந்தார், ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. பக்கத்தில் முன்புறம் திறந்த கொட்டகையில் மட்டும் முழு மரங்களாகக் கிடந்தன, அறுக்க அந்தப் பழைய நீள ரம்பம்தான், ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுப்பது. அப்பா காபி போட்டு, நம் ஊர் வழக்கப்படி அதில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு எனக்கு ஒரு குவளை கொடுத்து, "இதுக்கு மேல மனுஷனுக்கு என்ன வேணும்" என்றார். நான் ஜன்னல் வழியாகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப் கொதிக்கிற நேரத்துக்குச் சறுக்குக் கட்டைச் சத்தம் கேட்டது. சித்தப்பா கதவைத் திறந்து, காலைத் தட்டி, "வணக்கம் அண்ணி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார், அப்பாவைப் பார்த்தார். கையில் கரண்டியோடு நின்ற அப்பாவும் பார்த்தார். அந்த அறையில் சூப் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அப்பா கரண்டியை என் கையில் கொடுத்தார், தன் பையை எடுத்தார், பனிமான் தோலைச் சுருட்டினார், தூங்கும் பையைக் கக்கத்தில் இடுக்கினார், சுவரைப் பார்த்து, "கடைசியா வந்தவனுக்கு எடம். சட்டம் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வெளியே போவதெல்லாம் இடமில்லாதபோதுதானே ஹெய்னி, ஆறு பேர் படுக்கிற இடத்தில் மூன்று பேர் இருந்தோம், வீம்புக்கு அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். நான் சித்தப்பாவிடம் போய்க் கூப்பிடு என்றேன். "நான் எதுக்குக் கூப்பிடணும் அண்ணி, அந்த ஆளாத்தானே எந்திரிச்சுப் போனாரு" என்றார். சரி, அப்படியானால் உட்கார்ந்து சாப்பிடு என்றேன். உட்கார்ந்தார், ஒரு வாய் குடித்தார், கிண்ணத்தை வைத்தார். "அந்த ஆளு வெளிய கெடக்க, நான் அடுப்பு பக்கத்துல கால நீட்டிப் படுத்தேன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். எனக்கு யார் எடமும் வேணாம்" என்று அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே கூரை போட்ட இடம் இரண்டே இரண்டு, ஒன்று விறகுக் கொட்டகை, இன்னொன்று கழிப்பறை. தௌனோ மானஸ்தன்தான், ஆனால் கழிப்பறையில் படுக்கிற அளவுக்கு இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன், கொட்டகைக்குள் அப்பா இந்த மூலையில் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சித்தப்பா அந்த மூலையில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பைக்குள் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். குடிலைவிடச் சின்ன இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறோம் என்பது இரண்டு அறிவாளிகளுக்கும் தோன்றவில்லை.

இது போதாதென்று இன்னொருவர் வந்தார். தெற்கே தாம்பரே நகரத்திலிருந்து வந்த பல் டாக்டர், ஐம்பது ஐம்பத்தைந்து வயசு இருக்கும், தனியாகச் சுற்றுகிறவர். கதவைத் தட்டி, "குடில் நெறஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை, ஆறு பேருக்கு இடம் இருக்கிறது, நான் ஒருத்திதான் இருக்கிறேன், வாருங்கள் என்றேன். அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார், அங்கே இரண்டு கிழவர்கள் விறகுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார், என் கையில் ரொட்டி அறுக்கிற கத்தி இருந்தது. "பரவால்லீங்க, என்கிட்ட கூடாரம் இருக்கு" என்று சொல்லி நல்ல தூரமாகப் போய்க் கூடாரம் அடித்தார். இப்படியாக அந்த மலையில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் பனியில் கிடக்க, எல்லோரும் குளிர் காயக் கட்டிய குடிலில் நான் மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது, அதற்கப்புறம் பயம் வந்தது, வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, அந்த முழங்காலோடு இந்த மனுஷன் விறைத்துப் போனால் யார் இழுத்துக்கொண்டு போவது என்று. எல்லாம் ஓய்ந்த பிறகு அழுகை வந்தது. உன் கல்யாணத்தன்று நான் இங்கே இந்த ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, நீ அங்கே மீன் வறுவல் தின்கிறதை மனசில் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. மூன்று பேர் சூப்பை நான் ஒருத்தி தின்றேன், அழுதாலும் பசிக்கத்தானே செய்கிறது.

வெளிச்சம் இன்னும் போகவில்லை, இங்கே ஏப்ரல் கடைசி எப்படி இருக்கும் உனக்குத் தெரியும், வானம் ஓரத்தில் மஞ்சளாகவே நிற்கும். அப்போது கொட்டகையில் ஏதோ சத்தம். அப்பாவுக்குக் குளிர் தாங்கவில்லை, உள்ளே வருவாரா, வரமாட்டார், உடம்பைச் சூடாக்க மரம் அறுக்க ஆரம்பித்துவிட்டார். தனி ஆளாக அந்த நீள ரம்பத்தை இழுத்தால் என்ன ஆகும், அந்த முனை ஆடுகிறது, தகடு வளைகிறது, வொய்ங் வொய்ங் என்று அழுகிறது. நிறுத்துவார், திட்டுவார், மறுபடி வொய்ங். இது கொஞ்ச நேரம் நடந்தது. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். திடீரென்று சத்தம் மாறியது. சர்ர், சர்ர், சர்ர் என்று சீராக, ஆடாமல் வந்தது. ஹெய்னி, நான் போர்வையை விலக்கிக் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த ரம்பம் ஒருவர் கையில் அப்படிச் சத்தம் போடாது, இன்னொரு முனையை இன்னொருவர் பிடித்தால்தான் போடும். காலுறையோடு ஜன்னலுக்கு ஓடினேன். மரக்கட்டை ஒன்று அறுக்கிற தாங்கியின் மேல் கிடக்கிறது, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேரும் ரம்பத்தையே பார்த்துக்கொண்டு இழுக்கிறார்கள். நான் ஜன்னலை விரல் நுழைகிற அளவு திறந்து காதை வைத்தேன், அப்பா போனில் ஒட்டுக்கேட்கிறார் என்று அவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்னவாம். கொஞ்ச நேரத்தில் ரம்பம் சிக்கியது. "தள்ளாத" என்று ஒரு குரல், சித்தப்பா. "யாரு தள்றா?" என்று அப்பா. "நீதான். இந்த ரம்பத்த இழுக்கத்தான் செய்யணும், தள்ளக் கூடாது, அப்பா எத்தன தடவ மண்டைல தட்டினாரு, இன்னும் ஒனக்கு ஏறல." அதற்கு அப்பா, "நீ ஒழுங்கா இழுத்தா நான் ஏன் தள்றேன்." மறுபடி சர்ர், சர்ர். ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது இதுதான்.

அப்புறம் அவர்கள் நிறுத்தவில்லை. கொட்டகையில் கிடந்த அத்தனை மரத்தையும் அறுத்தார்கள், அறுத்ததைப் பிளந்தார்கள், கோடாலி முனை மழுங்கல் என்று ஒருவர் சொல்ல, மழுங்கல் கோடாலியில் இல்லை என்று மற்றவர் சொல்ல, சத்தம் மலையெல்லாம் எதிரொலித்தது. கடைசியில் பல் டாக்டர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவில் வந்து நின்றார், "உள்ள எடம் இருக்குன்னீங்களே, இன்னும் இருக்குங்களா? வெளிய மனுஷன் தூங்க முடியல" என்றார். அடுப்புக்குப் பக்கத்து மேடையைக் காட்டினேன், கடைசியாக வந்தவர் அவர்தானே. படுத்த நிமிஷத்தில் குறட்டை, அப்பாவே தோற்றார். விறகு தீர்ந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், முகம் சிவந்து, முடியெல்லாம் மரத்தூள். மேடையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் படுத்தார்கள். நானும் தூங்குகிறவள் மாதிரி படுத்துக்கொண்டேன்.

காலையில் நான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்தோம், கறுப்பு ரொட்டியும் உலர்ந்த மான் இறைச்சியும். யாரும் பேசவில்லை, ஆனால் அது நம் ஊர் வழக்கமான பேசாமைதான், கோபம் இல்லை. டாக்டர் மாறி மாறி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா? ரெண்டு பேருக்கும் முன்பல்லு ஒரே மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு, சின்ன வயசுலயே கம்பி கட்டியிருக்கலாம்" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டக்கென்று வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் சிரித்தது சித்தப்பா. அப்பா சிரிக்கவில்லை, ஆனால் காபி மூக்கில் ஏறி இருமினார், சிரிக்காத மனுஷனுக்கு ஏன் மூக்கில் ஏற வேண்டும். சிரிப்பு அடங்கினதும் சித்தப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, அந்த எரிஞ்ச எடத்துல புல்லு மொளச்சிருச்சு" என்றார். "பாத்தேன்" என்றார் அப்பா. "எப்ப பாத்த?" "அப்பப்ப." "நானும் அப்பப்பத்தான் போவேன்" என்றார் சித்தப்பா. யோசித்துப் பார், இந்த ஆறு வருஷமும் இரண்டு பேரும் தனித்தனியாக அந்த எரிந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள், ஒருநாள்கூட ஒன்றாக மாட்டிக்கொள்ளவில்லை. அப்பா கெட்டிலில் மிச்சம் இருந்த காபியை என்னிடம் நீட்டாமல் சித்தப்பா குவளையில் ஊற்றினார், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

கிளம்பும்போது சாம்பல் அள்ளி, அடுத்து வருகிறவருக்குச் சிராய் சீவி வைத்துவிட்டு வந்தோம், விறகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கூரை வரைக்கும் அடுக்கியாயிற்று, அடுத்த வருஷம் வருகிறவர்கள்கூட வாழ்த்துவார்கள். சித்தப்பா மீன் பிடிக்க மேலே போனார், நாங்கள் கீழே இறங்கினோம். வெகுதூரம் வந்த பிறகு அப்பா நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு, "சிர்க்காவுக்கு இடுப்பு வலியாம், தௌனோ சொன்னான். போன வாரம்தான் பள்ளிக்கூட ஹால்ல டான்ஸ் ஆடினா, பாத்தேன்" என்றார். நான் மரங்களைப் பார்த்தேன். "என் காதுல பூ சுத்தணும்னா அடுத்த தடவ நல்லாச் சுத்துங்க ரெண்டு பேரும்" என்றார். கோபமா என்றேன். அவர் சறுக்குக் கட்டையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அப்படியானால் ஹெய்னிக்கு என்ன எழுதட்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். "இன்னும் ஒண்ணும் எழுதாத" என்று சொல்லிவிட்டுச் சறுக்கிக்கொண்டு போய்விட்டார். ரம்பம் பிடித்தது வேறு, கல்யாணம் வேறு போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனாலும்தான் நீ கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போனை வைத்ததும் அப்பா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தார், "என்ன கேட்டா?" என்றார். முடிவாச்சா என்று கேட்டாள் என்றேன். "வேற?" என்றார். வேறு ஒன்றும் இல்லை, குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது என்றேன். அவர் பாத்திரத்தை வைத்தார், நான் இதோ விறகுக்குப் போகிறார் என்று நினைத்தேன், ஆனால் உன் அறைக்குப் போனார். ஒவ்வொரு தூண்டிலாக எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனார், வலைகள், ரேடியோ, அந்த உடைந்த படகு எஞ்சின், எல்லாம் போயிற்று. ஜன்னலைத் திறந்து காற்று வரவிட்டார், தரையைத் துடைத்தார், அவர் தரை துடைத்து நான் பார்த்ததே இல்லை. கட்டிலுக்கு வெள்ளை விரிப்புப் போட்டார், கோணலாகத்தான் போட்டிருக்கிறார், நான் சரி செய்யவில்லை, அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலை சித்தப்பா ஏரியைச் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார், கையில் அளவு நாடா. இப்போது தினமும் எரிந்த இடத்தில் புதுச் சவுனாவுக்குக் கல் அடுக்குகிறார்கள், கல்யாணத்துக்குள் புகைய வேண்டுமாம், இந்தத் தடவை தீ மூட்டுவது அப்பா, கல்லைப் பார்ப்பது சித்தப்பா என்று ஏற்பாடு. தினமும் ஒரு சண்டை, உரக்கப் போடுகிறார்கள், சிர்க்காவுக்கும் எனக்கும் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு ராத்திரியிலிருந்து அப்பா சமையலறைப் பெஞ்சில் படுக்கிறார், கால் முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்குகிறது. என் அறைக்கு வாருங்கள், குறட்டையைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். அவள் வருவது ஜூலையில்தானே, இப்போதே எதற்கு அந்தக் கட்டிலைக் காலி செய்துவிட்டுப் பெஞ்சில் கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். போர்வையை இழுத்துக்கொண்டே சொன்னார், "கடைசியா வர்றவங்க எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும். கதவத் தட்டும்போது எடம் தயாரா இருக்கணும், அதான் சட்டம்."

கடவுள் உன்னையும் கேலமையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், கடலும் ஆகாயமும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கேலமுக்கு ஜூலைக் கொசுவைப் பற்றி இப்போதே சொல்லிவை, பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. டிக்கெட்டை உடனே எடு கண்ணு, உன் அப்பாவின் முதுகு அந்தப் பெஞ்சில் ரொம்ப நாள் தாங்காது.

என்றும் உன் அம்மா,
ஹில்க்கா